ஆமத்தூர் லோடு நம்பகமானது

எங்கள் தெருவில் ஒரு சபை இருந்தது. அதன் முழுப் பெயர் மேலப் புதுத் தெரு குடும்பத் தலைவர்கள் நல்லொழுக்க முன்னேற்ற சபை. சிவகாசியில் அச்சாபீசும் வெடிக் கம்பெனியும் போட்டி போட்டு முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. ஐம்பதுகள் முடிந்து அறுபது பிறந்திருந்தது. சபைக்குச் சொந்தமாக ஒரு மைக் செட்டும் சில பெஞ்சுகளும் உண்டு. தலைவர் லட்சுமிகாந்தத்தின் வீட்டை ஒட்டிச் சரக்கு அடுக்குகிற கிட்டங்கி ஒன்று இருந்தது, அதன் மாடியில் கூட்டம் நடக்கும். தெருக்கோடியில் சைக்கிள் கடை வைத்திருந்த நானும் உறுப்பினன்தான். ஒழுக்கத்துக்காகச் சேர்ந்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். கூட்டத்தில் சாத்தூர்ச் சேவு கொடுப்பார்கள்.

லட்சுமிகாந்தம் வெடிக் கம்பெனி முதலாளி. தீபாவளி சீசன் சூடுபிடித்துவிட்டால் அவருடைய கம்பெனி லாரி விடிவதற்கு முன்பே ஊர் ஊராகப் போய் ஆள் ஏற்றி வரும். அந்த வருஷம் ஆவணியில் அவர் வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பெண்ணும் அந்த லாரியில் ஏறிவிட்டாள். போனவள் அவருடைய கம்பெனியில்தான் சரம் பின்னினாள். அதில் அவருக்கு வருத்தமில்லை. ஆனால் வீட்டில் முதலாளியம்மா தானே உட்கார்ந்து பாத்திரம் தேய்க்க வேண்டியதாயிற்று. அந்த அம்மாள் சட்டிகளைப் போட்டு உடைத்த சத்தம் அடுத்த வீடு வரை கேட்டது. புருஷனை ஏசிய சத்தம் தெருக்கோடியில் என் கடை வரை கேட்டது. மறுநாளே சபையின் அவசரக் கூட்டம் கூடியது.

“பெரியோர்களே!” என்று தலைவர் மைக்கைப் பிடித்தார். பெஞ்சில் பதினைந்து பேர் இருந்தோம். மைக் இல்லாமலே கேட்டிருக்கும். “நாடு முன்னேற அணை வேண்டும், ஆலை வேண்டும். அதையெல்லாம் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். ஆனால் என் வீட்டு ரசச் சட்டியை எந்த அரசாங்கம் பார்க்கும்? பாத்திரம் துலக்குகிறவர்களிடம் நம்பகம் போய்விட்டது. இன்று சட்டியைப் போட்டுவிட்டு ஓடுகிறவள், நாளை சமுதாயத்தையே போட்டுவிட்டு ஓட மாட்டாள் என்பது என்ன நிச்சயம்?”

பலத்த கைதட்டல். அன்று சேவில் மிளகு தூக்கலாக இருந்தது.

தீர்மானம் என்னவென்றால், இனிமேல் தெருவில் எந்த வீட்டுக்கும் பாத்திரம் தேய்க்க ஆள் வைப்பதானால், அந்த ஆளைச் சபை சோதித்து நம்பகமானவர் என்று சொன்ன பிறகுதான் வைக்க வேண்டும். மீறுகிறவர் பெயர் மைக்கில் வாசிக்கப்படும். தீப்பெட்டிக் கம்பெனி மொக்கைச்சாமி தூக்கத்திலிருந்து எழுந்து, “வழிமொழிகிறேன்” என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கினார். சபையில் அவருடைய பொறுப்பு அதுதான்.

இதில் முதலில் மாட்டியவன் எங்கள் தெருவில் குடியிருந்த சங்கையா, அவனும் சபை உறுப்பினன். லட்சுமிகாந்தத்தின் கம்பெனியில் லோடு அனுப்புகிற வேலை பார்த்தான். பெட்டி கட்டி, விலாசம் எழுதி, லாரியில் ஏற்றுகிற வரை அவன் பொறுப்பு. வாயில்லாப் பூச்சி. அவன் பெண்சாதி வீரலட்சுமிக்கு அப்போதுதான் இரண்டாவது பிள்ளை பிறந்திருந்தது. சீசன் நேரத்தில் புருஷன் சோற்றுக்கு அலையக்கூடாது என்று பிறந்த ஊரான ஆமத்தூருக்குப் போகாமல் இங்கேயே இருந்துவிட்டாள். பச்சை உடம்புக்காரி. கிணற்றுத் தண்ணீரில் கையை வைத்தால் அன்று ராத்திரி பல் கிட்டுகிற அளவுக்குக் குளிர் எடுத்தது. பாத்திரம் தேய்க்க மட்டும் ஒரு ஆள் கிடைத்தால் போதும், மற்றதைச் சமாளித்துக்கொள்வேன் என்றாள்.

ஆளும் கிடைத்தாள். இருளம்மாள். அவளுக்கும் பிறந்த ஊர் ஆமத்தூர்தான். ரயில்வே கேட் பக்கம் குடியிருந்தாள். வந்து பிள்ளையைப் பார்த்து, அதன் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

“நீ தண்ணியில கைய வைக்காத தாயி. நாளையில இருந்து நான் வாரேன். அச்சங்குளத்துல இருந்துகூடக் கம்பெனிக்குக் கூப்பிட்டாக. ஒனக்குச் சொல்லிட்டேன்ல, இனி எங்கயும் போகலை” என்றாள்.

மறுநாள் அவள் சங்கையா வீட்டு வாசலில் கால் வைப்பதற்குள், சபையின் செயலாளர் சங்கரபாண்டியன் வந்து மறித்துக்கொண்டார். இவர் லேபிள் அச்சடிக்கிற அச்சாபீசின் கணக்கர்.

“சோதனை முடியாம எப்படி வைப்பீக சங்கையா? ஒங்க மொதலாளி போட்ட தீர்மானம். ஒங்களுக்கே தெரியாதா?”

சங்கையாவுக்குத் தெரியும். முதலாளி என்ற சொல்லும் கேட்டது. “ஒரே நாள்ல முடிஞ்சிருமாண்ணாச்சி?” என்றான்.

“நேர்மையா இருந்தா ஒரு நிமிசம் போதும்” என்றார் சங்கரபாண்டியன்.

நேர்முகத் தேர்வு கிட்டங்கி மாடியில் நடந்தது. நாங்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். இருளம்மாள் நின்றாள். தலைவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “நம்பகம் என்றால் என்ன?” என்று கேட்டார்.

“எம்புட்டு நேரம் நிக்கணும் மொதலாளி? அடுப்புல கஞ்சி கெடக்கு.”

பதில் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது.

“தீபாவளி சீசனில் கம்பெனி லாரி வந்து கூப்பிட்டால் போவாயா?”

“எந்தக் கம்பெனி லாரி?”

“எந்தக் கம்பெனியாகவும் இருக்கட்டும். என்னுடையது என்றே வைத்துக்கொள்.”

“கூப்பிடுறது நீங்க. ஏறுனா நான் மட்டும் நம்பிக்கைத் துரோகியா?”

தலைவர் செயலாளரைப் பார்த்தார். சங்கரபாண்டியன், “கேள்வி கேட்கும் பழக்கம் உண்டு” என்று குறித்துக்கொண்டார். வாய்ப் பேச்சை வைத்து முடிவு செய்ய முடியாது, செய்முறைச் சோதனை வேண்டும் என்று தீர்மானம் ஆயிற்று.

இங்கேதான் எங்கள் ஊரின் தொழில் ஞானம் கைகொடுத்தது. வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. வெடிக் கம்பெனியில் ஒரு லோடு வெளியே போகுமுன் அதிலிருந்து சாம்பிள் எடுத்துக் கொளுத்திப் பார்ப்பார்கள். வெடித்தால் லோடு முழுவதும் நல்ல சரக்கு. நமுத்துப் போயிருந்தால் லோடு முழுவதும் தள்ளுபடி. பெட்டி பெட்டியாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்கு நேரம்? தலைவர் இந்த முறையைப் பாத்திரத்துக்கும் கொண்டு வந்தார். சாம்பிளாக அவர் வீட்டுப் பாத்திரத்தை இருளம்மாள் ஒருநாள் தேய்க்க வேண்டும். சோதனை என்பதால் கூலி கிடையாது. கூலி கொடுத்தால் அது வேலையாகிவிடும் என்று அவர் விளக்கினார்.

முதலாளியம்மா பரண் மேலிருந்த அத்தனையையும் இறக்கிவிட்டார். பித்தளை அண்டா, தவலை, மகளுக்குச் சீர் கொடுக்க வாங்கி வைத்த குடங்கள், எந்தக் காலத்திலோ எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக் கறுத்துப்போன ஒரு வாணலி. இருளம்மாள் புளியும் செங்கல் பொடியும் போட்டுப் பொழுது சாய்கிற வரை தேய்த்தாள். சபை இறங்கி வந்து பார்த்தது. அண்டா சாய்வெயிலில் கண்ணைக் கூச வைத்தது.

தலைவர் குனிந்து அண்டாவில் முகம் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். “முகம் தெரிகிறது. ஆனால் அகலமாகத் தெரிகிறது” என்றார்.

“பாத்திரத்தத்தான் தேய்க்க முடியும் மொதலாளி” என்றாள் இருளம்மாள்.

அதனால் மறுநாளும் சோதனை நடந்தது. அதற்கு மறுநாள் சங்கரபாண்டியன் வீட்டில் நடந்தது. தலைவர் வீட்டுக் கிணறு நல்ல தண்ணீர். உப்புத் தண்ணீரிலும் நம்பகம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டாமா? பிறகு மொக்கைச்சாமி வீடு. அவர் வீட்டில் குழம்புச் சட்டியெல்லாம் அடிப்பிடித்தது. அடிப்பிடித்த சட்டியில் நம்பகம் எப்படி என்று பார்த்தார்கள். பிறகு தலைவர் மகளுக்கு வளைகாப்பு வந்தது. ஊரே சாப்பிட்டுப் போன பாத்திரம் மலையாய்க் குவிந்தது. அதற்குப் பெருங்கூட்டச் சோதனை என்று பெயர் வைத்தார்கள். எந்தச் சோதனையிலும் அவள் தோற்கவில்லை. அவள் தோற்காதது சபைக்கு மேலும் சந்தேகத்தைக் கொடுத்தது.

இத்தனை நாளும் சங்கையா வீட்டில் பாத்திரம் தேய்த்தது யார் என்று கேட்க வேண்டாம். வீரலட்சுமி முந்தானையைக் காதோடு இழுத்துக் கட்டிக்கொண்டு கிணற்றடியில் உட்காருவாள். உள்ளே பிள்ளை அழும். அது அழுதால் இவளுக்குப் பால் சுரந்து ரவிக்கை நனையும், கையெல்லாம் கரி. எனக்கு அதைப் பார்க்கவே பொறுக்காது. ஒருநாள் சங்கையா கம்பெனிக்குப் போகுமுன் தானே சாம்பலையும் தேங்காய் நாரையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். நாலு டம்ளர் தேய்த்திருப்பான், சங்கரபாண்டியன் சுவருக்கு மேலே தலையை நீட்டினார்.

“என்ன காரியம் பண்றீக? குடும்பத் தலைவன் பாத்திரம் தேச்சா, அப்புறம் நம்பகமான ஆளுக்கு இந்தத் தெருவுல என்ன வேலை? சபை எதுக்கு இருக்கு?”

அன்று சாயங்காலமே மைக்கில் அறிவிப்பு வந்தது. “நமது உறுப்பினர் ஒருவர் இன்று காலை கையில் தேங்காய் நாருடன் காணப்பட்டார். சபை வருந்துகிறது.” பெயரைச் சொல்லவில்லை. தெருவுக்குப் பெயர் தேவைப்படவும் இல்லை. கம்பெனியில் முதலாளி அவனைக் கூப்பிட்டு, “ஏலே சங்கையா, லோடு அனுப்புற கை அது. கரி படாமப் பாத்துக்கோ. கையும் வேணும், வேலையும் வேணும்ல?” என்றார். அதற்கு மேல் சங்கையா கிணற்றடிப் பக்கம் போகவில்லை. அந்த வாரம் வீரலட்சுமிக்குக் காய்ச்சல் கண்டது.

இருளம்மாள் ஏன் போட்டுவிட்டுப் போகவில்லை என்று நானே அவளைக் கேட்டேன். தலைவர் வீட்டுக் கொல்லையில் தவலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

“நாளைக்கு முடிஞ்சிரும், நாளைக்கு முடிஞ்சிரும்னே சொல்றாக அண்ணாச்சி. பாதியில போனா, ஆகாதவன்னு சொல்லித் தெருவுக்குள்ளயே விட மாட்டாக. அப்புறம் அந்தப் பச்சை உடம்புக்காரிக்கு யாரு போயித் தேய்ப்பா?” என்றாள். அவள் விரலிடுக்கெல்லாம் புளித்தண்ணீர் பட்டுப் புண்ணாகியிருந்தது.

கடைசியில் முடிவு சொல்கிற கூட்டம் வந்தது. கிட்டங்கி மாடி நிறைந்துவிட்டது. தெருவுக்கும் கேட்கட்டும் என்று வாசலில் குழாய் ஒலிபெருக்கி கட்டினார்கள். சங்கையா முன் பெஞ்சில், கழுத்து வரை பொத்தான் போட்ட சட்டையோடு, முகம் கழுவி விபூதி பூசி உட்கார்ந்திருந்தான். வீட்டில் காய்ச்சலோடு கிடப்பவளிடம், இன்றைக்கு ஆளோடுதான் வருவேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தான்.

“பெரியோர்களே! இருளம்மாள் எல்லாச் சோதனைகளிலும் தேறிவிட்டார் என்பதை மகிழ்ச்சியுடன் அறிவிக்கிறேன்” என்றார் தலைவர்.

சங்கையா எழுந்து கும்பிட்டான். “அப்ப நாளைக்கே வரச் சொல்லலாமா மொதலாளி?”

தலைவர் சிரித்தார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுகிற வாத்தியார் சிரிப்பு. “சங்கையா, நீ எத்தனை வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறாய்? கொளுத்திப் பார்த்த வெடியை எவனாவது பெட்டிக்குள் திரும்ப வைத்து விற்பானா? சோதிக்கப்பட்டது சோதித்தவனோடு நின்றுவிடும். அதை வைத்து மீதி லோடுதான் வெளியே போகும். இருளம்மாள் சாம்பிள். ஆகவே அவர் என் வீட்டிலேயே இருப்பார். அவர் ஊர் எது? ஆமத்தூர். ஆகவே ஆமத்தூர் லோடு முழுவதும் நம்பகமானது என்று சபை தீர்மானிக்கிறது. ஒன்று நமுத்தால் எல்லாம் தள்ளுபடி, ஒன்று வெடித்தால் எல்லாம் நல்ல சரக்கு. இதில் லட்சுமிகாந்தம் என்றும் சொல் மாற மாட்டான்!”

மொக்கைச்சாமி வழிமொழிந்தார். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. நானும் தட்டினேன், பக்கத்தில் இருந்தவர்கள் தட்டியதால்.

“அப்ப என் வீட்டுக்கு?” என்றான் சங்கையா. நின்றுகொண்டேதான் இருந்தான்.

ஆமத்தூர்ப் பெண்கள் வேறு யார் கிடைப்பார்கள் என்று அப்போதே விசாரித்தார்கள். அத்தனை பேரும் லாரியில் போய்விட்டார்கள் என்று தெரிந்தது. எந்த லாரி என்று யாரும் கேட்கவில்லை. அந்த லாரி கிட்டங்கி வாசலில்தான் நின்றது. சங்கரபாண்டியன் யோசித்தார். யோசித்தவர் முகம் மலர்ந்தது.

“தலைவர் அவர்களே! இந்தத் தெருவிலேயே ஆமத்தூரில் பிறந்தவர் இன்னொருவர் இருக்கிறார். ஏற்கெனவே பாத்திரம் துலக்கிப் பழக்கமும் உள்ளவர். சங்கையாவின் மனைவி வீரலட்சுமி.”

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. சங்கையாவின் வீட்டுக்கு நம்பகமான பாத்திரம் துலக்குநராக ஆமத்தூர் வீரலட்சுமியைச் சபை தேர்ந்தெடுத்தது. தெரு முழுக்க ஒலிபெருக்கியில் சொன்னார்கள். தகுந்த ஆளைப் பெற்றதற்காகச் சங்கையாவுக்கு மாலை போட்டார்கள். அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் காபி வந்துவிட்டது.

அவனோடு அவன் வீடு வரை நானும் நடந்தேன். தனியாக விடப் பயமாக இருந்தது. வீரலட்சுமி வாசலிலேயே நின்றாள், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு. காய்ச்சல் கண்ணில் தெரிந்தது. எல்லாவற்றையும் ஒலிபெருக்கியில் கேட்டிருந்தாள்.

“மாலை எதுக்கு? எனக்கா, ஒங்களுக்கா?”

சங்கையா மாலையைக் கழற்றி என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றான். “நான் என்ன பண்ணட்டும் வீரம்மா? மொதலாளி...”

“ஒங்களச் சொல்லலை. எனக்கு வயிறு எரியுது. பிள்ளை பெத்த மேலு இது. ஒரு நாதி கேக்கலை. என்னையும் சரக்குன்னுட்டாக, அதுக்குக் கையத் தட்டுறாக. அண்ணாச்சி, நீகளும் தட்டுனீகளா?”

நான் என் செருப்பைப் பார்த்தேன்.

“ஒண்ணு நமுத்தா எல்லாம் தள்ளுபடின்னாரே ஒங்க மொதலாளி, நல்லாக் கேட்டீகளா?” என்றாள். “காலையில மொத பஸ்ஸுக்கு நான் ஆமத்தூர் போறேன். எங்க தம்பி பொண்டாட்டி வெந்நி வச்சுத் தருவா. நீங்க போயி, சபை வச்ச ஆளு வேலையப் போட்டுட்டு ஓடிப்போயிட்டான்னு மட்டும் சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாதீக.”

பேசாமலிருப்பது சங்கையாவுக்குக் கைவந்த வேலை. மறுநாள் அவளையும் பிள்ளைகளையும் பஸ் ஏற்றிவிட்டு நேரே சபைக்குப் போனான். முந்தின நாள் தீர்மானத்தைப் பாராட்டுவதற்காக ஒரு கூட்டம் போட்டிருந்தார்கள். ஒலிபெருக்கியும் அவிழ்க்கப்படவில்லை. சங்கையா மைக் முன்னால் போய் நின்று, “சபை வச்ச ஆளு ஓடிப்போயிட்டாக” என்றான். அவ்வளவுதான்.

தலைவருக்கு முதலில் விளங்கவில்லை. சங்கரபாண்டியனுக்கு விளங்கிவிட்டது, விதி என்றால் அவருக்கு உயிர். “ஆமத்தூர் லோடில் ஒன்று நமுத்துவிட்டது, தலைவர் அவர்களே. நம் விதிப்படி...” என்று தொடங்கியவர், தலைவரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஆனால் மைக் திறந்திருந்தது. வாசலில் தெருவே கூடியிருந்தது. முந்தின நாள் சொல் மாற மாட்டேன் என்று முழங்கியது எல்லார் காதிலும் இன்னும் இருந்தது. லட்சுமிகாந்தம் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

“ஆமத்தூர் லோடு... தள்ளுபடி” என்றார்.

கீழே கொல்லையில் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்த இருளம்மாள் கையில் சாம்பலோடு மாடிப்படி ஏறி வந்தாள்.

“அப்ப நான் ஆகாதவளா மொதலாளி?”

“சபையின் தீர்மானம் அப்படி.”

அந்த நேரத்தில் சங்கையாவுக்கு எங்கிருந்து வாய் வந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தள்ளுபடியான வெடியைக் கம்பெனி ஆட்கள் தீபாவளிக்கு வீட்டுக்கு எடுத்துப்போவது எங்கள் ஊர் வழக்கம். அவன் கையைக் கட்டிக்கொண்டு, பயந்துகொண்டே கேட்டான். “தள்ளுபடிச் சரக்க வேலையாளுக வீட்டுக்குக் கொண்டுபோகலாம்ல மொதலாளி? வருசா வருசம் குடுக்கிறீகளே.”

கீழேயிருந்து முதலாளியம்மா அண்டாவை உதைத்த சத்தம் ஒலிபெருக்கியில் கேட்டது.

“இருங்க தம்பி” என்றாள் இருளம்மாள். “மொதலாளி, அதை மைக்குல எம் பேரைச் சொல்லிச் சொல்லிருங்க. இருளம்மா ஆகாதவன்னு ஊருக்கே கேக்கட்டும். இனிமே எவரும் என்னையச் சோதிக்கக் கூப்பிடப்படாது.”

வேறு வழியில்லாமல் அவர் சொன்னார். “இருளம்மாள் நம்பகமற்றவர் என்று சபை இதனால் அறிவிக்கிறது.” தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கணீரென்று கேட்டது.

அவள் படியிறங்கித் தெருவுக்கு வந்தபோது வாசலுக்கு வாசல் பெண்கள் நின்றார்கள். சபைத் தீர்மானத்தால் ஆவணியிலிருந்து ஆளில்லாமல் கிடந்த வீடுகள். தள்ளுபடிச் சரக்குக்குச் சோதனை கிடையாது என்பது ஒலிபெருக்கி வழியாக அவர்களுக்கும் எட்டியிருந்தது. மொக்கைச்சாமியின் பெண்சாதி படியை விட்டு இறங்கியே வந்துவிட்டார்.

“எக்கா, நாளைக்கு எங்க வீட்டுக்கு வாறீகளா?”

“எங்க வீட்டுக்கும் ஒரு எட்டு வந்துட்டுப் போங்க!”

இருளம்மாள் நிற்கவில்லை. “சொன்ன வீடு ஒண்ணு கெடக்கு தாயி. அதை முடிச்சிட்டுத்தான் மத்தது” என்றாள். பின்னாலேயே வந்த சங்கையாவைத் திரும்பிப் பார்த்து, “நீங்க எதுக்குத் தம்பி என் பின்னால வாரீக? சாயங்கால பஸ்ஸுக்குப் போயி வீரலட்சுமியக் கூட்டியாங்க. அவ வரும்போது வீட்டுல ஒரு கரண்டிகூட அழுக்காக் கெடக்காது” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.